எச்4 ஹெட்லைட்டில் எச்.ஐ.டி புரொஜெக்டர்: வீட்டு வாசலில் இரண்டு நாள் வேலை

ஹெட்லைட் மங்கல் என்று எச்.ஐ.டி (இழைக்குப் பதில் மின்வில்லால் ஒளிரும் பல்பு) கிட் தேடக் கிளம்பும் முன், ஒரு மல்டிமீட்டரோடு ஐந்து நிமிடம் காரின் முன்னால் நில்லுங்கள். இன்ஜினை ஓடவிட்டு டிம் லைட்டைப் போடுங்கள். பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். பிறகு மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவில் வைத்து, கறுப்பு முனையைப் பல்பு ஹோல்டரின் பின்பக்கமாக, பாசிட்டிவ் வரும் ஒயரில் ஒரு குண்டூசி வழியாகத் தொடுங்கள். பல்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். மீட்டர் காட்டும் எண், வழியில் தொலைந்த வோல்ட். ஹோல்டரின் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையிலும் இதையே செய்யுங்கள். இரண்டையும் கூட்டி அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங் நலம். ஒன்றரை, இரண்டு வோல்ட் என்று வந்தால் குறை பல்பில் இல்லை.

ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை, ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கில் விழுகிறது. 13.2 வோல்ட்டில் எச்4 பல்பின் (டிம், பிரைட் இரண்டு இழையும் ஒன்றிலேயே உள்ள பல்பு) டிம் இழை 1000 லூமனும் (ஒளி அளவின் அலகு) பிரைட் இழை 1650 லூமனும் தர வேண்டும் என்பது தரக்கணக்கு. அதே பல்புக்கு 12 வோல்ட்தான் போய்ச் சேருகிறது என்றால் கால் பங்குக்கு மேல் வெளிச்சம் போயிற்று. பழைய கார்களில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் ஸ்டீயரிங் அருகே உள்ள சுவிட்ச் வழியாகவே சுற்றி வரும். ஒல்லியான ஒயர், கருகிய சுவிட்ச் முனை, துருப்பிடித்த எர்த் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்னும். இப்படிப்பட்ட காரில், பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு மின்சாரம் தரும் ரிலே ஹார்னஸும் நல்ல 60/55 வாட் பல்பும் போட்டாலே பலருக்குப் போதும். அதோடு நிறுத்திக்கொள்வது தோல்வி அல்ல. மலைப்பாதை, விளக்கில்லாத மாநிலச் சாலை என்று இரவில் அடிக்கடி ஓட்டுபவருக்குத்தான் அடுத்த படி.

ரிலே இல்லாமல் 100/90 வாட் ஹாலஜன் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஹோல்டர் உருகும், பல்பைச் சுற்றியுள்ள ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சு மஞ்சளாகி உரியும்.

வெறும் கிட் ஏன் கூடாது

கடையில் எச்.ஐ.டி கிட் என்று கிடைப்பது பெரும்பாலும் எச்4 அடிப்பகுதி வைத்த ஒரு எச்.ஐ.டி பல்பும், அதற்கு உயர் வோல்ட் மின்சாரம் தரும் ஒரு பாலஸ்ட்டும். பழைய பல்பைக் கழற்றி இதை மாட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். எதிரே வருபவருக்கு அங்கேதான் தொல்லை ஆரம்பம்.

எச்4 பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். அந்த இழையின் ஒளி ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் அது மறைக்கிறது. மேல்பாதி மட்டும் ஒளி வாங்கிச் சாலையை நோக்கிக் கீழே அனுப்புகிறது. டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு இப்படித்தான் உருவாகிறது. இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே இந்தக் கணக்கு கலைந்துவிடும். எச்.ஐ.டியில் இழையே கிடையாது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே செனான் வாயுவில் ஒரு மின்வில் எரிகிறது. அது நேராக நிற்காமல் சூட்டில் மேல்நோக்கி வளையும், முனைகளுக்கு அருகே அதிகம் ஒளிரும். கிட் பல்பில் தகரத்தை வளைத்துக் கிண்ணம் மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள். அது இழைக்கென்று செய்த கிண்ணத்தின் வேலையைச் செய்யாது. போதாததற்கு 35 வாட் எச்.ஐ.டி தருவது சுமார் 3000 லூமன். டிம் இழையைப் போல மூன்று மடங்கு ஒளி, மேல்விளிம்பே இல்லாமல் எதிர்வண்டிக்காரர் கண்ணில்.

ஓட்டுபவருக்கும் அதில் பெரிய லாபம் இல்லை. சிதறிய ஒளி காரின் முன்னால் பத்து மீட்டருக்குள் சாலையை வெள்ளையாக்கும். கண்ணின் பாவை சுருங்கும், தூரத்தில் நிற்கும் மாடு தெரியாது. பிரகாசம் கூடியதாக ஒரு மயக்கம், பார்வைத் தூரமோ குறைவு. முன்பெல்லாம் ஹெட்லைட் கண்ணாடி நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதை ஒட்டினாலும் இது சரியாகாது. சிதறல் கண்ணாடியின் நடுவிலிருந்து மட்டும் வருவதில்லை.

ஆகவே எச்.ஐ.டி வேண்டுமென்றால் புரொஜெக்டர் சேர்ந்தே வேண்டும். அதற்குள் ஒளியைக் குவிக்கும் ஒரு கிண்ணம், முன்னால் ஒரு குவிலென்ஸ், நடுவே மேல்விளிம்பை வெட்டும் ஒரு உலோகத் தகடு. பை-செனான் வகையில் அந்தத் தகட்டைச் சோலினாய்டு என்ற சின்ன மின்காந்தம் கீழே இழுத்தால் பிரைட், விட்டால் டிம். பல்பு எப்போதும் ஒன்றேதான் எரியும்.

சட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். புரொஜெக்டர் போட்டதால் இதிலிருந்து விலக்கு கிடைத்துவிடாது. கண் கூசாத விளக்கு என்பதும் அனுமதி பெற்ற விளக்கு என்பதும் வேறு வேறு. வாரண்டி உள்ள புதுக் காரில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

வாங்கும்போது

எச்4 ஹெட்லைட்டுக்குள் நுழைகிற 2.5 அங்குல பை-செனான் புரொஜெக்டர் ஒரு ஜோடி. பின்பக்கம் மரையிட்ட தண்டு இருக்கும், பல்பு நுழையும் ஓட்டை வழியாக அதை நுழைத்துப் பின்னாலிருந்து நட்டு போட்டு இறுக்கலாம், ரிஃப்ளெக்டரை வெட்ட வேண்டியதில்லை. மாருதி ஆல்ட்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட் போன்றவற்றில் எச்4 வந்த மாடல்களுக்கு இந்த வகை தோதானது. ஆனால் ஹெட்லைட்டின் ஆழத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். ரிஃப்ளெக்டர் ஓட்டையிலிருந்து முன்கண்ணாடி வரை உள்ள தூரம், புரொஜெக்டர் நீளத்தைவிடக் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். உயரம் திருத்தும்போது ரிஃப்ளெக்டர் அசையும், லென்ஸ் கண்ணாடியில் இடிக்கக் கூடாது.

டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு ஒரு பக்கத்தில் மட்டும் படிபோல உயரும். எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தப் படி எந்தப் பக்கம் ஏறுகிறது என்பது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே இடப்பக்கம் ஓட்டும் நாடுகள். படி இடப்பக்கம் ஏற வேண்டும், அப்போதுதான் ஓரத்துப் பலகையும் சைக்கிள்காரரும் தெரிவார்கள், எதிர்வண்டி நிழலில் இருக்கும். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானவை ஏராளம். அதைப் போட்டால் படி நேராக எதிரே வருபவர் முகத்தில் ஏறும். திருப்பி மாட்டிச் சரிசெய்யவும் முடியாது. பெட்டியில் 'வலக்கை ஸ்டீயரிங்' என்று இருப்பதைப் பார்த்து வாங்கி, வந்தவுடன் சுவரில் அடித்துச் சரிபாருங்கள்.

பல்பின் நிறம் 4300 கெல்வின் போதும். கார் கம்பெனிகளே எச்.ஐ.டிக்கு இந்த நிறத்தைத்தான் போடுகின்றன. 6000 நீலம் கலந்தது, 8000 இன்னும் நீலம். நிறம் ஏற ஏற லூமன் இறங்கும், மழையில் நனைந்த தார்ச்சாலையில் ஒன்றுமே தெரியாது. பாலஸ்ட் 35 வாட், ஏ.சி. வகை. டி.சி. பாலஸ்ட் மலிவு, ஆனால் மின்வில் நடுங்கும், பல்பின் ஒரு முனை மட்டும் சீக்கிரம் தேயும். 55 வாட் பாலஸ்ட் வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் கொண்டுவரும். சின்னப் புரொஜெக்டரின் கிண்ணம் கருகும், பல்பின் ஆயுள் குறையும்.

ஒயரிங்குக்கு: 40 ஆம்பியர் ரிலே ஒன்று, பிளேடு பியூஸ் ஹோல்டரும் 20 ஆம்பியர் பியூஸும், 2.5 சதுர மி.மீ. ஆட்டோ கேபிள் மூன்று மீட்டர், 1.5 சதுர மி.மீ. நான்கு மீட்டர், எச்4 ஆண் பிளக் ஒன்று, 1என்4007 டையோடு இரண்டு, 2200 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் மின்தேக்கி ஒன்று, 10 ஓம் அரை வாட் மின்தடை ஒன்று, வளைய லக்குகள், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், நெளிகுழாய். ஹெட்லைட்டை மூட பியூட்டைல் ரப்பர் நாடா. அது கிடைக்காவிட்டால் வேலையைத் தள்ளிப்போடுங்கள், சிலிக்கான் ட்யூபை எடுக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஹெட்லைட்டைத் திறக்கும் முன், எல்லாவற்றையும் மேசை மேல் பேட்டரியில் இணைத்து இருபது நிமிடம் எரியவிடுங்கள். இரண்டு பாலஸ்ட்டும் பிடிக்கின்றனவா, சோலினாய்டு 'டக்' என்று இழுக்கிறதா, இரண்டு பல்பும் ஒரே நிறமா என்பதை இங்கேயே பார்த்துவிட வேண்டும். மூடிய பிறகு தெரிந்தால் இன்னொரு முறை சூடாக்கிப் பிளக்க வேண்டிவரும். பற்ற வைக்கும் கணத்தில் பாலஸ்ட்டிலிருந்து பல்புக்கு 20,000 வோல்ட்டுக்கு மேல் போகிறது. மின்சாரம் இருக்கும்போது எந்த இணைப்பையும் கையால் கழற்றவோ மாட்டவோ கூடாது, எரியும் பல்பை நேராகப் பார்க்கக் கூடாது.

ஒயரிங்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான், ஆகவே நிதானமாகப் போகலாம்.

35 வாட் பாலஸ்ட் நிலையாக ஓடும்போது 3.5 ஆம்பியர் அளவில்தான் இழுக்கும், ஹாலஜனைவிடக் குறைவு. அதை நம்பிப் பழைய ஹோல்டரிலேயே மாட்டிவிடுகிறார்கள். ஆனால் பற்ற வைக்கும் முதல் சில நொடிகளில் ஒவ்வொன்றும் 8 ஆம்பியர் வரை கேட்கும். ஒல்லி ஒயரில் வோல்ட் சரியும், பாலஸ்ட் தன்னைக் காத்துக்கொள்ள அணையும், மறுபடி முயலும், மறுபடி அணையும். 'ஃபிளிக்கர்' என்று புகார் வருவதில் பெரும்பங்கு இதுவே. ஆகவே பேட்டரியிலிருந்து நேரடி மின்சாரம், பழைய ஒயர் ரிலேவைத் தூண்டுவதற்கு மட்டும்.

முதலில் உங்கள் காரின் ஹெட்லைட் பாசிட்டிவ் சுவிட்ச்சா நெகட்டிவ் சுவிட்ச்சா என்று பாருங்கள். லைட்டை அணைத்து, இரண்டு பக்க ஹோல்டரையும் கழற்றி, ஒன்றின் மூன்று முனைகளில் எது காரின் உடலோடு நேராகத் தொடர்பில் இருக்கிறது என்று மீட்டரின் பீப் ஒலியில் தேடுங்கள். ஒன்று பீப் அடித்தால் அதுதான் பொது எர்த், கார் பாசிட்டிவ் சுவிட்ச். எதுவும் அடிக்காமல், லைட்டைப் போட்டதும் டிம்மிலும் பிரைட்டிலும் ஒரே முனையில் 12 வோல்ட் நின்றால் அது பொது பாசிட்டிவ். சுவிட்ச் எர்த்தைத்தான் மாற்றுகிறது. ஜப்பானிய வழி வந்த சில கார்களில் இப்படி இருக்கும். எந்த முனை டிம், எந்த முனை பிரைட் என்பதையும் மீட்டரால் கண்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இணையத்துப் படங்களில் சில பல்பைப் பார்த்து வரைந்தவை, சில ஹோல்டரைப் பார்த்து வரைந்தவை. இடம் வலமாகிவிடும்.

இனி எச்4 கார்களுக்கே உரிய ஒரு சிக்கல். பிரைட் போட்டால் டிம் ஒயரில் மின்சாரம் நின்றுவிடும். டிம் ஒயரை மட்டும் ரிலேவுக்குக் கொடுத்தால், பிரைட் போட்டதும் எச்.ஐ.டி அணைந்து நெடுஞ்சாலையில் கும்மிருட்டு. இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிக் கொடுத்தாலோ, டிம் மின்சாரம் பிரைட் ஒயருக்குள் திரும்பிப் போய், மீட்டர் பலகையில் நீல விளக்கு எப்போதும் எரியும், சோலினாய்டு எப்போதும் திறந்தே கிடக்கும். அதற்குத்தான் டையோடுகள். பாசிட்டிவ் சுவிட்ச் காரில் டிம் ஒயரிலிருந்து ஒன்று, பிரைட் ஒயரிலிருந்து ஒன்று, வெள்ளிக்கோடு உள்ள முனை இரண்டும் ரிலேவின் 86-ஆம் முனையைப் பார்க்க (85, 86 ரிலே சுருளின் இரு முனைகள்). 85 எர்த்துக்கு. நெகட்டிவ் சுவிட்ச் காரில் 86 பொது பாசிட்டிவுக்கு, டையோடுகள் 85-இலிருந்து கிளம்பி, வெள்ளிக்கோடு டிம், பிரைட் ஒயர்களைப் பார்க்க. ரிலே சுருள் ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இழுக்கும், ஒரு ஆம்பியர் டையோடு தாராளம்.

டிம்மிலிருந்து பிரைட்டுக்குத் தள்ளும்போது சில சுவிட்ச்சுகளில் ஒரு கணம் இரண்டுமே இல்லாத இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ரிலே விட்டுவிட்டால் பல்பு அணைந்து பற்றும். எச்.ஐ.டிக்கு ஒவ்வொரு பற்றவைப்பும் ஆயுளில் ஒரு கடி. 2200 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் 10 ஓம் மின்தடையையும் தொடராக இணைத்து 85, 86-க்குக் குறுக்கே போட்டால் கால் நொடி அளவுக்கு ரிலே பிடித்துக்கொள்ளும். மின்தேக்கியின் நெகட்டிவ் கால் 85 பக்கம். மாற்றி வைத்தால் வீங்கி வெடிக்கும்.

மீதி எளிது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் பியூஸ், அங்கிருந்து 2.5 கேபிள் ரிலேவின் 30-க்கு. 87-இலிருந்து இரண்டு 1.5 கேபிள், ஒவ்வொரு பாலஸ்ட்டுக்கும் ஒன்று. பாலஸ்ட் எர்த்துகள் பெயிண்ட் சுரண்டிய உடல் போல்ட்டுக்கு, இன்னும் நல்லது நேராகப் பேட்டரி நெகட்டிவுக்கு. சோலினாய்டு ஒரு ஆம்பியர் அளவில்தான் இழுக்கும், அதைப் பழைய பிரைட் ஒயரிலிருந்தே கொடுக்கலாம். சில சோலினாய்டுகளில் உள்ளே டையோடு உண்டு, முனை மாறினால் இழுக்காது, அப்போது திருப்பிப் போடுங்கள். காரின் பழைய ஒயரை எங்கும் வெட்டாமல் எச்4 ஆண் பிளக் வழியாக மட்டும் எடுத்தால், நாளை எல்லாவற்றையும் கழற்றினாலும் கார் பழைய நிலைக்கு வரும்.

விளக்கைப் பிளப்பது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். பல கார்களில் முன் பம்பரைக் கழற்றாமல் ஹெட்லைட் வெளியே வராது. பெரும்பாலும் 10 மி.மீ. போல்ட்டும் பிளாஸ்டிக் கிளிப்புகளும்தான். கிளிப் இரண்டு மூன்று உடையும், முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பம்பர் ஓரத்தில் பெயிண்ட் உரியாமல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்.

ஹெட்லைட்டிலிருந்து பல்புகள், ரப்பர் மூடி, இண்டிகேட்டர் ஹோல்டர், சுற்றியுள்ள ஸ்குருக்கள் எல்லாம் வெளியே. ஒரு ஸ்குருவை மறந்துவிட்டு இழுத்தால் காது உடைவது உறுதி. வீட்டு ஓ.டி.ஜி. அடுப்பில் ஹெட்லைட் நுழையாது, ஆகவே ஹீட் கன். பேக்கரி அடுப்பு மாதிரி பெரியது கிடைத்தால் 100 முதல் 110 டிகிரியில் பத்து நிமிடம். முன்கண்ணாடி உண்மையில் பாலிகார்பனேட், 145 டிகிரிக்கு மேல் இளகிவிடும். ஹீட் கன்னின் மூக்கில் இதைவிட எவ்வளவோ அதிகச் சூடு, ஒரே இடத்தில் நிறுத்தாமல் இரண்டு சாண் நீளத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருங்கள். கண்ணாடி மேல் படாமல், விளிம்பின் கால்வாயில் மட்டும்.

ஒரு மூலையில் டேப் சுற்றிய தட்டை ஸ்குருடிரைவரை நுழைத்து நெம்பினால், பழைய பசை சூயிங்கம் போல நூல் நூலாக இழுபடும். அந்த நூல் ரிஃப்ளெக்டரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இழுபடாமல் வெடுக்கென்று இருந்தால் சூடு போதவில்லை. எவ்வளவு சூடாக்கியும் இளகவே இல்லை என்றால் அது இளகாத நிரந்தரப் பசை. அந்த ஹெட்லைட்டை மூடி வைத்துவிடுவது புத்திசாலித்தனம், வெட்டித் திறக்கும் வேலை வீட்டில் செய்வதல்ல.

ரிஃப்ளெக்டரை விரலால் தொடாதீர்கள், துணியாலும் துடைக்காதீர்கள். அலுமினியப் பூச்சு பவுடர் மாதிரி கையோடு வந்துவிடும். தூசி இருந்தால் ஊதுங்கள்.

புரொஜெக்டரை உட்கார வைப்பது

தண்டை முன்னாலிருந்து பல்பு ஓட்டையில் நுழைத்து, பின்னால் எச்4 வடிவத் தகடு, சிலிக்கான் வாஷர், நட்டு. முதலில் கை இறுக்கம் மட்டும். பல்பின் கண்ணாடியில் கைபட்டிருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து மாட்டுங்கள். பல்பின் ஓரமாக ஓடும் பீங்கான் குழாய் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் அதன் நிழல் வெளிச்சத்தில் கறையாக விழும்.

இப்போதுதான் பலர் அவசரப்படுவார்கள். மூடாத ஹெட்லைட்டையே காரில் அதன் போல்ட்டுகளில் மாட்டி, மாலையில், ஐந்து மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைச் சுவரில் டிம் அடித்துப் பாருங்கள். சுவரில் ரசமட்டம் வைத்து ஒரு கிடைக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். மேல்விளிம்பின் தட்டையான பகுதி அந்தக் கோட்டுக்கு இணையாக வரும்வரை புரொஜெக்டரைத் திருப்பி, ஒரு கை பிடிக்க இன்னொரு கை நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது அது கூடவே சுழலும், ஆகவே ஓரிரு டிகிரி எதிர்ப்பக்கம் வைத்து இறுக்கினால் சரியான இடத்தில் நிற்கும். காரை ஒருமுறை குலுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். ஹெட்லைட்டை மூடிய பிறகு உயரத்தையும் பக்கத்தையும் ஸ்குருவால் திருத்தலாம், சாய்வை மட்டும் திருத்தவே முடியாது.

புரொஜெக்டர் லென்ஸைச் சுற்றி வரும் அலங்கார வளையத்தை ஒட்ட இரு பகுதி எபாக்சி. ஹாட் குளூ போட்டால் சித்திரை வெயிலிலேயே வளையம் கழன்று லென்ஸ் முன்னால் தொங்கும்.

மூடுவது

பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கால்வாய் முழுவதும் பியூட்டைல் நாடாவை இடைவெளியின்றி வைத்து, தொடக்கமும் முடிவும் ஒரு அங்குலம் ஒன்றன் மேல் ஒன்றாக வரவேண்டும். மறுபடி சூடாக்கி, கண்ணாடியை அழுத்தி, ஸ்குரு போட்டு, கிளாம்ப் போட்டு ஆறவிடுங்கள். புளிக்காடி வாடை வரும் சாதாரண சிலிக்கான் ஏன் கூடாதென்றால், அது காயும்போது வெளிவரும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் ரிஃப்ளெக்டரை மங்கலாக்கும். அடுத்த முறை திறக்கவும் விடாது.

பின்பக்கம் சின்ன ரப்பர் வளைகுழாய்கள் இருக்கும். அவை காற்றோட்டத்துக்கானவை, நீர் புகும் என்று அடைத்துவிடாதீர்கள். அடைத்தால்தான் உள்ளே பனி பிடிக்கும். பெரிய ரப்பர் மூடியில் ஒயர் வெளிவர ஓட்டை போட்டு, பல்பு ஒயரோடு வரும் ரப்பர் வளையத்தை (குரோமெட்) அதில் இறுக்கமாகப் பொருத்துங்கள். ஒரு பக்கெட் நீரை ஊற்றிச் சோதித்துவிட்டுக் காரில் ஏற்றுங்கள்.

பாலஸ்ட்டுக்கு ரேடியேட்டரிலிருந்தும் எக்ஸாஸ்டிலிருந்தும் விலகிய, சக்கரம் தெறிக்கும் நீர் படாத இடம் வேண்டும். தகரப் பட்டை வைத்து உடலில் போல்ட் போடுங்கள், இருபக்க டேப்பை மட்டும் நம்பாதீர்கள். இணைப்புகள் கீழ்நோக்கி, ஒயர் ஒரு சின்ன வளைவாகத் தொங்கி ஏற வேண்டும், நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பாலஸ்ட்டுக்கும் பல்புக்கும் இடைப்பட்ட உயர்மின் ஒயரை வெட்டி நீட்டவே கூடாது. அது காரின் மற்ற ஒயர்களோடு ஒட்டி ஓடினால் ரேடியோவில் இரைச்சல் கேட்கும்.

உயரம் வைப்பது

டயர் காற்று சரியாக, டேங்க் பாதி, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள். ஸ்டீயரிங் பக்கத்தில் ஹெட்லைட் உயரச் சக்கரம் இருந்தால் பூஜ்யத்தில். சமதரையில் சுவரிலிருந்து சரியாக 10 மீட்டர். தரையிலிருந்து புரொஜெக்டர் லென்ஸின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு, அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொன்று. மேல்விளிம்பின் தட்டைப் பகுதி கீழ்க்கோட்டைத் தொட வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு இது. பின்னிருக்கையில் அடிக்கடி ஆள் ஏறுமென்றால் 13 செ.மீ. வரை இறக்கலாம். 5 மீட்டர்தான் இடம் என்றால் 5 செ.மீ., ஆனால் சின்னப் பிழையும் சாலையில் பெரிதாகும். படி ஆரம்பிக்கும் முழங்கை ஒவ்வொரு விளக்கின் நேர் எதிரில் நிற்க வேண்டும். ஒரு விளக்கைத் திருத்தும்போது மற்றதைத் துணியால் மூடாதீர்கள், சூடாகும். அட்டையைத் தள்ளி நிறுத்தி மறையுங்கள்.

ஐரோப்பிய விதிகள் 2000 லூமனுக்கு மேற்பட்ட டிம் விளக்குக்குத் தானியங்கி உயரத் திருத்தமும் ஹெட்லைட் கழுவியும் கேட்பதற்கு அர்த்தம் இருக்கிறது. டிக்கியில் மூட்டை ஏற்றினால் மூக்கு தூக்கும், கண்ணாடியில் சேறு படிந்தால் புரொஜெக்டரும் சிதறும். நம்மிடம் இரண்டும் இல்லை. சுமை ஏற்றினால் சக்கரத்தைத் திருப்பி இறக்குங்கள், பெட்ரோல் போடும் இடத்தில் கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள்.

வேலை செய்யாதபோது

ஒரு பக்கம் மட்டும் பற்றவில்லை என்றால் பல்புகளை இடம் மாற்றுங்கள். குறை பல்போடு போனால் பல்பு, அதே பக்கம் நின்றால் பாலஸ்ட்டோ எர்த்தோ. இரண்டும் பற்றவில்லை, ரிலேயும் சத்தமிடவில்லை என்றால் நெகட்டிவ் சுவிட்ச் காரில் பாசிட்டிவ் முறை ஒயரிங் செய்திருக்கிறீர்கள், அல்லது டையோடு திரும்பியிருக்கிறது. எரிந்து சில நிமிடத்தில் அணைந்தால் பாலஸ்ட் சூடு அல்லது ஈரம். நிறம் ரோஜாவாக மாறிக்கொண்டே வந்தால் பல்பு முடிகிறது, ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் இரண்டு நிறமாக இருக்கும். டி1, டி2 வகை பல்புகளில் பாதரசம் உண்டு, குப்பைத்தொட்டியில் உடைத்துப் போடாதீர்கள்.

லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஸ்டார்ட்டர் இழுப்பில் வோல்ட் சரிந்து பாலஸ்ட் அணைந்து பற்றும். இன்ஜின் ஓடிய பிறகு லைட். பகலில் வழி கேட்டு டக் டக்கென்று பிரைட் அடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு எச்.ஐ.டி ஒத்துவராது, குளிர்ந்த பல்பு ஒவ்வொரு முறையும் புதிதாகப் பற்ற வேண்டும்.

நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் மூடியைத் திறந்து நட்டின் இறுக்கத்தைப் பாருங்கள், சுவரில் உயரத்தை மறுபடி சரிபாருங்கள். எச்4 பல்பு இனி அந்த ஓட்டையில் நுழையாது. ஆகவே டாஷ்போர்டு பெட்டியில் ஒரு உபரி எச்.ஐ.டி பல்பு, இரண்டு 20 ஆம்பியர் பியூஸ், ஒரு 10 மி.மீ. ஸ்பேனர் இருக்கட்டும்.